அத்தோ: பாரிமுனை வண்டிக்கடை நூடுல்ஸை வீட்டில் பிசைவது எப்படி?

சென்னை பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் நடந்தால் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவித்த தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். அதுதான் அத்தோ. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது, மறக்க வேண்டாம்.

1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் நாட்டுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் கையில் காசில்லாமல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காக 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். கூடவே வந்த ருசி வண்டியேறியது. பர்மாவில் சேர்க்கும் மீன் சாஸும் காய்ந்த இறால் பொடியும் இங்கே பெரும்பாலும் கழன்றுவிட்டன. புளி மட்டும் விடவில்லை. நம் ஆட்கள் ஆயிற்றே!

சரி, அடுப்படிக்குப் போவோம். இரண்டு பேருக்கான அளவு இது.

1. நூடுல்ஸ். தடிமனான கோதுமை நூடுல்ஸ் 200 கிராம். உப்பும் கால் ஸ்பூன் மஞ்சள் தூளும் போட்டு வேகவிட்டு வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். அத்தோ சூடாகச் சாப்பிடும் பண்டமல்ல. ஆரஞ்சு கலர்ப்பொடி இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

2. பூண்டு எண்ணெய். உயிர்நாடி இதுதான். ஆறு மேசைக்கரண்டி கடலை எண்ணெயில், மெல்லிசாகச் சீவிய பெரிய வெங்காயம் இரண்டையும் பூண்டு பத்துப் பல்லையும் தனித்தனியாகச் சிறு தீயில் பொரியுங்கள். பொன்னிறம் எட்டுவதற்குச் சற்று முன்பே அரித்தெடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் சூட்டில் நிறம் ஏறும். முதல் தடவை நான் "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று நின்றேன். பூண்டு கருகி எண்ணெய் முழுக்கக் கசப்பு, மொத்தத்தையும் கொட்டினேன். மீந்த எண்ணெயை எடுத்து வையுங்கள்.

3. மற்றவை. நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரையுங்கள். இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலையைப் பொடியுங்கள். முட்டைக்கோஸை நூல் மாதிரி நறுக்குங்கள். கொஞ்சம் பொரிக்காத வெங்காயம், கொத்தமல்லி, இடித்த மிளகாய், உப்பு. வண்டிக்கடையில் பேஜோ என்ற மொறுமொறு தட்டையை உடைத்துப் போடுவார்கள். வீட்டில் தட்டை போதும்.

4. பிசைதல். அகலமான பாத்திரத்தில் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம் போட்டு, மூன்று ஸ்பூன் பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் பாதி, பொட்டுக்கடலை மாவு, மிளகாய், உப்பு சேர்த்து விரல்களால் தூக்கித் தூக்கிக் கலக்குங்கள். கரண்டி வேண்டாம், நூடுல்ஸ் அறுந்துபோகும். மாவு புளியை உறிஞ்சி இழைகளில் ஒட்டிக்கொண்டதும் ருசி பாருங்கள். முதலில் புளிப்பு, அப்புறம் காரம், கடைசியில் பூண்டு வாசம் வர வேண்டும். புளிப்பு போதாவிட்டால் மிச்சப் புளித்தண்ணீர். பொரித்த வெங்காயம், பூண்டு, தட்டை எல்லாம் கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

5. வாழைத்தண்டு சூப். கடையில் அத்தோவோடு கேட்காமலே ஊற்றித் தருவது. மீன் போட்ட பர்மிய நூடுல்ஸ் சூப்பான மொஹிங்காவின் சைவத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய தண்டை மஞ்சள், இஞ்சி, பூண்டோடு வேகவைத்து, வறுத்த அரிசி மாவு ஒரு ஸ்பூன் கரைத்துவிட்டு, மிளகு தூவி இறக்குங்கள். இது மட்டும் கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும்.