தேனீ கொட்டினால் சுண்ணாம்பைத் தேடாதீர்கள்

யாரையாவது தேனீ கொட்டிவிட்டால் போதும், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருவர் சுண்ணாம்பு என்பார், இன்னொருவர் வெங்காயம் என்பார், மூன்றாமவர் பற்பசையோடு வந்து நிற்பார். இத்தனை யோசனைக்கும் நடுவே கொடுக்கு மட்டும் தோலிலேயே இருக்கும்.

முதல் தவறு அதுதான். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. அதனால் அது தோலில் மாட்டிக்கொண்டு, விஷப்பையோடு சேர்ந்து தேனீயின் உடலிலிருந்து பிய்ந்து வந்துவிடும். தேனீ போன பிறகும் பையைச் சுற்றியுள்ள தசைகள் விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தச் சின்னஞ்சிறு வெளிறிய பை துடிப்பதுகூடத் தெரியும். விஷத்தில் பெரும்பகுதி முதல் 20 விநாடிகளிலும், ஏறக்குறைய முழுவதும் ஒரு நிமிடத்துக்குள்ளும் இறங்கிவிடும். சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"கிள்ளி எடுக்கக்கூடாது, பை பிதுங்கிவிடும், அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்" என்று முதலுதவிப் பாடங்களிலேயே சொல்லி வந்தார்கள். 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கிள்ளினாலும் சுரண்டினாலும் தடிப்பில் வித்தியாசம் இல்லை; எடுக்கச் சில விநாடி தாமதமானபோதுதான் தடிப்பு பெரிதானது. ஆகவே அட்டை தேடாமல் நகத்தாலேயே எடுத்துவிடுங்கள். குளவி என்றால் பெரும்பாலும் கொடுக்கு தங்காது. இல்லாததைத் தேடி ஊசியால் கிளற வேண்டாம்.

கொட்டிய இடத்திலேயே நின்று வைத்தியம் பார்ப்பதும் தவறு. தோலில் நிற்கும் கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனையுள்ள ஒரு ரசாயனம் கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது "இங்கே வா, கொட்டு" என்ற அழைப்பு. கூடு பக்கத்தில் இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ ஓடிவிடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கினால் தப்பலாம் என்பது பலிக்காது. தலையைத் தூக்கும்வரை அவை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். "விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும்" என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலிக்குக் காரணம் வெறும் அமிலத்தன்மை இல்லை. உலர்ந்த விஷத்தில் பாதியளவு மெலிட்டின் என்ற பொருள். செல்களின் சவ்வையே உடைப்பது அது. அதுவும் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே போகாது, தோலைத்தான் புண்ணாக்கிவிடும். அப்படி வந்த கொப்புளத்தைப் பார்த்து விஷம் வெளியேறுகிறது என்று மகிழ வேண்டியதில்லை. மண் பூசினால் டெட்டனஸ் கிருமி உள்ளே போக வழி உண்டு. சமையல் சோடா, வெங்காயம், தேன் இவற்றால் பெரிய கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். இரண்டாம் நாள் வீக்கம் கூடுவது சகஜம். அதைச் சீழ் என்று நினைத்துத் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு வேறு. "மருந்துதான் பூசியாச்சே, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருப்பது. உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது வந்தால் அது கடும் ஒவ்வாமை. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சு திணறினால் உட்கார்ந்திருக்கட்டும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, அலர்ஜி மாத்திரை போதாது. வாய்க்குள் கொட்டினாலும், ஒரே நேரத்தில் பல தேனீக்கள் கொட்டினாலும் ஒவ்வாமை இல்லாதவர்கூட மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்னதில் மூச்சுக்குழாய் அடைக்கலாம், பின்னதில் சிறுநீரகம் பழுதாகலாம். ஊசி போட்டு அறிகுறிகள் அடங்கியதும் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். சில மணி நேரம் கழித்து அவை திரும்ப வருவதுண்டு.