ஒரு நாவல், இரண்டு படம்: எங்கே வெட்டுவது?

பக்கத்தை எண்ணி நட்டநடுவில் வெட்டுவதுதான் முதல் தப்பு. இளையோர் நாவல்களில் முன்பாதி பெரும்பாலும் அலைச்சலும் பேச்சுமாகப் போகும், சண்டை எல்லாம் பின்பாதியில் குவிந்துகிடக்கும். பாதியில் வெட்டினால் முதல் படத்துக்கு அலைச்சல் மட்டுமே மிஞ்சும்.

முதலில் அட்டை போடுங்கள். திரையில் நடந்தே தீர வேண்டிய ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஓர் அட்டை. நாயகி மனதுக்குள் புலம்புவது, யாரோ சொல்லும் பழங்கதை இவற்றுக்கெல்லாம் அட்டை கிடையாது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு சீன் சராசரியாக இரண்டு பக்கம் என்று வைத்தால், இரண்டு மணி நேரப் படம் அறுபது சீனில் நிறைந்துவிடும். எண்பது அட்டைதான் தேறுகிறது என்றால் முக்கியமானவற்றைச் சலித்தெடுத்து ஒரே படமாக்கிவிடலாம். நூறைத் தாண்டினால் மட்டும் பிரிக்கும் பேச்சை எடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒற்றை வரியில் ஒரு கேள்வி எழுதுங்கள். முதல் பாகத்தின் கேள்விக்கு முதல் பாகத்திலேயே பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதில் புதிதாக ஒரு கேள்வியைக் கிளப்பும் இடத்தில்தான் வெட்டு விழ வேண்டும்.

'ஹாரி பாட்டர் அண்ட் த டெத்லி ஹாலோஸ்' இதற்கு நல்ல பாடம். நாவலில் 36 அத்தியாயங்கள். வெட்டு விழுந்தது 24-ல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு முதல் படத்துக்கே போய்விட்டது. ஆனாலும் ஓடும் நேரம் 146 நிமிடம், 130 நிமிடம் என்று கிட்டத்தட்ட சமமாக வந்தது. காடுகாடாக அலையும் அத்தியாயங்கள் திரையில் சுருங்கும், போர் அத்தியாயங்கள் விரியும். முதல் பாகத்தின் கேள்வி: பள்ளியும் பெரியவர்களும் இல்லாமல் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் பிரியாமல் தாக்குப்பிடிப்பார்களா? ரான் கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, லாக்கெட்டை உடைப்பதோடு அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. கடைசியில் இரண்டு காட்சிகள். அவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட டாபியைப் புதைக்கிறார்கள், பள்ளித் தலைவர் டம்பிள்டோரின் கல்லறையைத் திறந்து வில்லன் வால்டமோர்ட் மந்திரக்கோலை எடுக்கிறான். முதலாவது ஒரு கதவைச் சாத்துகிறது, இரண்டாவது இன்னொன்றைத் திறக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் டாபியின் சாவு வெறும் இடைச்செருகலாகிவிடும்.

நம் ஊர் எழுத்தாளர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இடைவேளைக்கு வைக்கும் திருப்பத்தையே பாகத்தின் முடிவாக வைத்துவிடுகிறார்கள். இடைவேளையில் போனவர் பாப்கார்னோடு பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். பாகம் முடிந்து போனவர் வர எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அவரை அந்தரத்தில் தொங்கவிட்டு அனுப்பினால் கடுப்புதான் மிஞ்சும்.

வெட்டு சரியாக விழுந்தும் சரக்கு போதாமல் போவதுண்டு. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் வரும் 'மாக்கிங்ஜே' சுமார் 390 பக்க நாவல். எதிரியிடம் சிக்கிய, நாயகி காட்னிஸின் தோழன் பீட்டாவை மீட்பார்களா என்ற கேள்விக்கு, மீட்டார்கள், ஆனால் வந்தது பழைய பீட்டா இல்லை என்ற பதிலோடு முதல் பாகம் முடிகிறது. கச்சிதமான இடம். ஆனால் அதுவரை கதை பெரும்பாலும் பதுங்குகுழிக்குள்ளேயே சுற்றிவருகிறது. நாவல் முழுக்கக் காட்னிஸின் வாயால் சொல்லப்படுவதால், அவள் கண்ணில் படாத இடங்களுக்குப் படம் போனது; அணை தகர்ப்பு அப்படி வந்த காட்சிதான். 'நான்' என்று தன்மையில் எழுதிய நாவலில் சீன் தேட வேண்டிய இடம் இதுவே. இருந்தும், பிரித்ததற்காக வருந்துவதாக இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸ் 2023-ல் சொன்னார்.

இரண்டாம் பாகத்துக்குத் தனியாக ஒரு கிளைமாக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ட்வைலைட்' வரிசையில் வரும் 'பிரேக்கிங் டான்' நாவலில் இரு தரப்பும் எதிரெதிரே நின்று பேசிக் கலைந்துவிடுகின்றன. படத்தில் அதையே, நடக்கப்போவதை முன்கூட்டிக் காணும் ஆலிஸ் காட்டும் எதிர்காலக் காட்சியாக்கி, முழுப் போரையும் நடத்திவிட்டு, கதையின் முடிவை மாற்றாமல் திரும்பினார்கள். வாசகருக்கும் துரோகமில்லை, தியேட்டருக்கும் குறையில்லை.

படப்பிடிப்பில் பேரமே வேண்டாம்: இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுங்கள். ஒன்லைனில், அதாவது சீன்களின் சுருக்கப் பட்டியலில், சீன் எண்ணுக்கு முன்னால் பாக எண்ணையும் எழுதி, செட் வாரியாக அடுக்குங்கள். ஒரே செட்டை இரண்டு முறை போடும் செலவு மிச்சம். பதின்பருவ நடிகர்கள் ஒரு வருட இடைவெளியில் முகமே மாறி நிற்பார்கள், கதையிலோ மறுநாள் காலைதான் ஆகியிருக்கும். 'டைவர்ஜென்ட்' தொடரில் கடைசி நாவலின் முதல் பாதியை மட்டும் எடுத்து 'அலீஜியன்ட்' என்று 2016 மார்ச்சில் வெளியிட்டார்கள். வசூல் படுத்தது. 2017-க்குத் திட்டமிட்ட 'அசென்டன்ட்' வரவே இல்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கையில் இல்லையென்றால் ஒரே படமாக எழுதுங்கள்.

இரண்டாம் பாகத்தை முன்கதைச் சுருக்கத்தோடு தொடங்க வேண்டாம். 'ஹாலோஸ்' இரண்டாம் பாகம் கல்லறைக் காட்சியை மட்டும் மறுபடி காட்டிவிட்டு, நேராகக் கதைக்குள் போய்விடுகிறது.