பெண்கள் எம்எம்ஏ: அண்டர்டாக் புதுமுகத்தின் மேல் பணம் கட்டும் முன்

ஹோலி ஹோம் 2015 நவம்பரில் மெல்போர்னில் ரோண்டா ரௌசியை இரண்டாவது ரவுண்டில் இடது காலால் கழுத்தோடு சேர்த்து உதைத்துச் சாய்த்தாரே, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பந்தயத்தின் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். அசைக்க முடியாத சாம்பியன், எதிரே யுஎஃப்சியில் (எம்எம்ஏ நடத்தும் பெரிய அமைப்பு) இரண்டே சண்டை ஆடியவர், ஆட்ஸ் (பந்தய விலை) எங்கேயோ இருக்கிறது, புதுசா வந்தவர் ஜெயித்துவிட்டார். சரி, நாமும் அப்படி ஒரு அண்டர்டாகை, அதாவது தோற்பார் என்று எல்லோரும் நினைக்கிற ஆளைப் பிடிப்போம் என்று தோன்றிவிடும்.

ஆனால் ஹோம் எந்தக் கணக்கில் புதுமுகம்? யுஎஃப்சி கணக்கில் மட்டும்தான். தொழில்முறை பாக்ஸிங்கில் 38 சண்டை ஆடி 33 ஜெயித்தவர், பல வருடம் உலக சாம்பியன், எம்எம்ஏவிலும் அதுவரை தோல்வியே இல்லை. ரௌசி நேராகப் பாய்ந்து பாய்ந்து வந்தார், ஹோம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இடது கையை நேராக நீட்டினார், முதல் ரவுண்டிலேயே ரௌசியின் முகம் சிவந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. வேகமாக ஓடி வருகிறவரைக் கால் வேலையால் சமாளிப்பது ஹோம் அத்தனை வருடமாகச் செய்துவந்த வேலை. ஆக, புதுமுகத்தின் மேல் பணம் கட்டுவதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவர் யாருக்குப் புதுமுகம்? பந்தய நிறுவனத்துக்கும் பார்க்கிறவர்களுக்கும் புதுசு, சண்டைக்குப் பழசு என்றால் அந்த ஆளைத்தான் தேடுகிறோம். சண்டைக்கே புதுசு என்றால் எவ்வளவு பெரிய ஆட்ஸ் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

சீனாவின் ஜாங் வெய்லியும் இப்படித்தான். 2019 ஆகஸ்டில் ஷென்சென்னில் அப்போதைய சாம்பியன் ஜெசிகா ஆந்த்ராஜியை 42 நொடியில் முடித்தபோது அது அவருக்கு யுஎஃப்சியில் நாலாவது சண்டை. ஆட்ஸில் அவர்தான் அண்டர்டாக். ஆனால் அதற்கு முன் 19 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

இப்போது ரெக்கார்டு பார்க்கிற விஷயத்துக்கு வருவோம், நான் பணத்தை விட்ட இடமே இதுதான். எட்டுக்கு எட்டு ஜெயித்த ஒரு புதுமுகம், ஆறு சண்டையை முதல் ரவுண்டிலேயே முடித்தவர் என்று பார்த்ததும் கட்டிவிட்டேன். தோற்ற பிறகுதான் அவர் ஜெயித்த எட்டுப் பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்: மூன்று பேருக்கு அதுதான் முதல் சண்டை, இரண்டு பேர் ஒரு வெற்றிகூட இல்லாதவர்கள், மற்றவர்கள் தோற்றது ஜெயித்ததைவிட அதிகம். ஷெர்டாக், டாப்பாலஜி என்ற சண்டை ரெக்கார்டுத் தளங்கள் இரண்டிலும் இதைப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒருவர் எத்தனை ஜெயித்தார் என்பதை ஓரம் வைத்துவிட்டு யாரை ஜெயித்தார், அப்படி ஜெயித்தபோது எதிராளி எந்த நிலையில் இருந்தார், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவரா, எடை மாறி வந்தவரா என்று பாருங்கள். பெண்கள் மட்டுமே ஆடும் இன்விக்டா அமைப்பில் நாலைந்து சண்டை ஆடிவிட்டு வருகிற ஒருவரின் ஐந்து வெற்றி இரண்டு தோல்வி, உள்ளூர்ப் போட்டிகளில் சேர்த்த எட்டுக்கு எட்டைவிடப் பெரும்பாலும் கனமானது. தோல்வி இருப்பது நல்லதுகூட, அடிபட்டால் இவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க ஒரு வீடியோ கிடைக்கிறது.

வீடியோ என்றால் ஹைலைட் இல்லை, முழுச் சண்டை. யுஎஃப்சியின் புள்ளிவிவரத் தளத்தில் அறிமுக வீராங்கனைக்குப் பெரும்பாலும் எண்கள் இருக்காது, அதனால் டேக்டவுன் தடுப்பு (கீழே சாய்க்க வருவதைத் தடுப்பது) எத்தனை சதவீதம் என்பதை நீங்களே பார்த்துத்தான் எண்ண வேண்டும். மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதுகு கூண்டுக் கம்பியில் பட்டதும் என்ன செய்கிறார்? எதிராளியின் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து இடுப்பைத் திருப்பி வெளியே வருகிறாரா, இல்லை தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவர் பிரிக்கட்டும் என்று நிற்கிறாரா? இரண்டாவது ரகம் என்றால் நல்ல மல்யுத்தம் தெரிந்த ஃபேவரிட்டுக்கு (ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைக்கிறவருக்கு) எதிராக மூன்று ரவுண்டும் அதே கம்பியில்தான் கழியும். அடுத்து, கீழே விழுந்ததும் எழ முயல்கிறாரா, கால்களால் எதிராளியின் இடுப்பைப் பூட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறாரா? கடைசியாக மூன்றாவது ரவுண்டு. அங்கே கை தாழ்கிறதா, வாய் திறந்துவிட்டதா, ஜாப் (முன் கையால் நேராகக் குத்துவது) போட்ட பிறகு அந்தக் கை முகத்துக்குத் திரும்பி வருகிறதா? எல்லாவற்றையும் முதல் ரவுண்டிலேயே முடித்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. அதை ரிஸ்க் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரவுண்டை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண்கள் பிரிவில், அதிலும் 115, 125 பவுண்டு எடைகளில், ஆண்களைவிட அதிகமான சண்டைகள் தீர்ப்பு வரை போகின்றன. ஒரே அடியில் அண்டர்டாக் ஜெயித்துவிடுவார் என்ற கனவு கனமான ஆண்கள் பிரிவில் ஓரளவு பலிக்கும், இங்கே அதை நம்பிக் கட்டக் கூடாது. பதினைந்து நிமிடம் நின்று, மூன்று ரவுண்டில் இரண்டை எடுக்க இவரால் முடியுமா என்பதே கணக்கு. ஜட்ஜுகள் முதலில் பார்ப்பது அடியும் கிராப்ளிங்கும் (பிடித்து மடக்குவதும்) எவ்வளவு பாதிப்பை உண்டாக்கின என்பதை. முன்னே முன்னே நடந்து வருவதும் கூண்டின் நடுவைப் பிடிப்பதும் அது சமமாக இருந்தால் மட்டும்தான் கணக்கில் வரும். அதனால் சும்மா துரத்திக்கொண்டே வருகிற புதுமுகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தீர்ப்பு எப்படியும் போகலாம் என்பதற்கு பூஜா தோமரின் 2024 ஜூன் அறிமுகச் சண்டையைச் சொல்வேன். ஒரு ஜட்ஜ் அவருக்கு 30-27 (அதாவது மூன்று ரவுண்டும்), இன்னொருவர் எதிராளிக்கு 30-27, மூன்றாமவரின் 29-28 அவர் பக்கம் விழுந்தது. யுஎஃப்சியில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் வெற்றி அப்படித்தான் வந்தது. நெருக்கமான சண்டைக்கு வாய்ப்பு இருக்கிறது, ஆட்ஸ் பெரிதாக இருக்கிறது என்றால் இந்தத் தீர்ப்புக் குழப்பம் அண்டர்டாக் பக்கம் கட்டியவருக்கு உதவும்.

இனி விலை. ஃபேவரிட் 1.36, புதுமுகம் 3.40 (100 கட்டி அவர் ஜெயித்தால் 340 திரும்பும்) என்று வைத்துக்கொள்வோம். 1ஐ 3.40ஆல் வகுத்தால் 29.4 சதவீதம், 1.36ஆல் வகுத்தால் 73.5. கூட்டினால் 102.9 வருகிறது, அந்த 2.9 நிறுவனத்தின் லாபம். அதைக் கழித்துப் பார்த்தால் புதுமுகத்துக்கு அவர்கள் கொடுக்கும் உண்மையான வாய்ப்பு சுமார் 28.6. இப்போது ஆட்ஸை மறந்துவிட்டு, வீடியோ பார்த்து நீங்கள் எழுதிய எண் என்ன? 35 என்றால் 100 போட்டால் சராசரியாக 119 திரும்புகிற பந்தயம், கட்டலாம். 27 என்றால் 92தான் திரும்பும், அவரை எவ்வளவு பிடித்திருந்தாலும் கட்டக் கூடாது. எண்ணை ஆட்ஸ் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பார்த்த பிறகு எழுதினால் மனசு அந்த எண்ணை ஒட்டியே நிற்கும்.

எவ்வளவு கட்டுவது? பந்தயத்துக்கென்று தனியாக ஒதுக்கிய, முழுவதும் போனாலும் வாடகையும் சாப்பாடும் பாதிக்காத தொகையில் 1 முதல் 2 சதவீதம். மேலே சொன்ன 35 சதவீதக் கணக்கில் கெல்லி சூத்திரம் (வாய்ப்பையும் ஆட்ஸையும் வைத்து எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் கணக்கு) 8 சதவீதம் வரை போடச் சொல்லும், ஆனால் அது உங்கள் 35 மிகச் சரி என்று நம்பிச் சொல்வது, புதுமுகத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. கால் பங்கு போதும். உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தாலும் நூற்றுக்கு 65 தடவை தோற்பீர்கள், தொடர்ந்து ஐந்து தோற்க ஏறக்குறைய 12 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஐந்தாவது தோல்விக்குப் பிறகு "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று தொகையை இரட்டிப்பாக்கத் தோன்றும் பாருங்கள், அந்த இரவு போனை அணைத்துவிட்டுப் படுங்கள். அப்படியும் கை நிற்கவில்லை என்றால், கணக்கையே பூட்டிவைக்கிற வசதி பதிவு பெற்ற தளங்களில் இருக்கும், தயங்காமல் பயன்படுத்துங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் பந்தயம் சட்டப்படி செல்லாது என்றால் இதை எல்லாம் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத ஆப்பில் ஜெயித்தாலும் பணம் கையில் வராமல் போனால் போய் முறையிட இடம் கிடையாது.

எப்போது கட்டுவது என்பதும் முக்கியம். எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள் காலை. புதுமுகங்கள் பலரும் யாரோ காயப்பட்டு விலகியதால் ஓரிரு வார அவகாசத்தில் வருகிறவர்கள், அந்த அவகாசத்தில் எடை குறைப்பது உடம்பைப் பிழிந்துவிடும். தராசில் ஏறும்போது கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, படியில் கால் நடுங்கினால் உங்கள் 35ஐ அங்கேயே குறைத்து எழுதுங்கள். நான் இதற்காகவே தராசுக்குப் பிறகுதான் கட்டுகிறேன், ஆட்ஸ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. காரணமே தெரியாமல் கடைசி நேரத்தில் ஆட்ஸ் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஒதுங்கிவிடுங்கள். ஏதோ காயம் பற்றி யாருக்கோ தெரிந்திருக்கலாம். யுஎஃப்சி 2022 அக்டோபரில் வீரர்களும் அவர்களுடைய குழுவினரும் எந்த யுஎஃப்சி போட்டியின் மேலும் பந்தயம் கட்டத் தடை விதித்ததே இந்த மாதிரிக் கவலையால்தான்.

சண்டை முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்: கம்பியில் என்ன செய்தார், மூன்றாவது ரவுண்டில் கை எங்கே இருந்தது. தோற்ற புதுமுகத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள், நீங்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ரோஸ் நமஹூனாஸ் 2014 டிசம்பரில், 22 வயதில், யுஎஃப்சியில் தன் முதல் அதிகாரப்பூர்வ சண்டையிலேயே பட்டத்துக்காக நின்று மூன்றாவது ரவுண்டில் கழுத்துப் பிடியில் தோற்றார். மூன்று வருடம் கழித்து, 2017 நவம்பரில், தோல்வியே காணாத ஜோவான்னா யெட்ஜெய்ச்சிக்கை முதல் ரவுண்டிலேயே அடித்து வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். அன்றும் ஆட்ஸில் அவர்தான் அண்டர்டாக்.