சொந்தக்காரப் பிள்ளை நம் வீட்டில் தங்கிப் படிக்க என்னென்ன காகிதம் வேண்டும்?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புக்கு மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "நம்ம பிள்ளைதானே, எதுக்கு இதெல்லாம்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் "நீங்க யாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக்கு மட்டும். 18 வயது நிறையாத எல்லோருக்கும் பொருந்தும், பதினேழே முக்கால் ஆனாலும் சரி.

படி 1: சம்மதக் கடிதத்தில் யார் கையெழுத்து?

இந்துக் குடும்பமென்றால் 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பிள்ளைக்குக் காப்பாளர் (கார்டியன்) அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. அப்பா இருந்தும் பிள்ளையைக் கவனிக்கவில்லையென்றால் அம்மாவே காப்பாளராக இருக்கலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்மாமன், சித்தி, பாட்டி யாருக்கும் உறவு என்பதற்காக மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. மாற்றாந்தாய்க்கும் கிடையாது. முடிந்தவரை அம்மா, அப்பா இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

படி 2: சம்மதக் கடிதம்

எங்களுக்கு இழுத்தடித்தது இதுதான்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். காப்பாளர் சம்மதமில்லாமல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை அழைத்துப் போனால் ஆள்கடத்தல், ஏழு ஆண்டு வரை சிறை. பிள்ளை விரும்பித்தான் வந்தது என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். அதே பிரிவின் விளக்கத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டவரும் காப்பாளர்தான் என்று இருக்கிறது. அப்படி ஒப்படைத்தார்கள் என்பதற்கு நம் கையிலிருக்கும் ஆதாரம் இந்தக் கடிதம்.

டைப்பிங் சென்டரில் கொடுத்தால் அவர்களிடம் தயாராக ஒரு மாதிரி இருக்கும். எங்களுக்கு அடித்துக் கொடுத்ததில் "சகல உரிமைகளையும் விட்டுக்கொடுத்து இவர் வசம் ஒப்படைக்கிறோம்" என்று ஒரு வரி. படித்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த வரி தேவையே இல்லை. நோட்டரி முத்திரை குத்தினால் பெற்றவர் உரிமை போய்விடாது, அது தத்தும் ஆகாது. கையாலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய் அதை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை தங்கும், பள்ளியில் சேர்க்கவும் டி.சி. வாங்கவும் அவசர சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடவும் அனுமதி, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்ற வரி. பிள்ளையிடமும் கடைசியில் ஒரு கையெழுத்து வாங்கினோம். சட்டம் அதைக் கேட்கவில்லை, எனக்கு அது இருக்கட்டும் என்று பட்டது. முத்திரைத்தாள், நோட்டரி, மூன்று நகல். முடிந்தது.

படி 3: பள்ளி

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது; 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் கையோடு டி.சி. வாங்கிவிடுங்கள். கூடவே பழைய பள்ளியில் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்) காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லுங்கள். டி.சி. கையில் இருந்தும் எமிஸில் பிள்ளை பழைய பள்ளியிலேயே நின்றால் புதிய பள்ளியால் எடுக்க முடியாது. பழைய பள்ளி அலுவலகத்தில் நின்று, திரையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

படி 4: நீதிமன்றம், தேவைப்பட்டால் மட்டும்

பெற்றோர் இல்லை, அல்லது பிள்ளை பெயரிலுள்ள சொத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்றால் கடிதம் போதாது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, காப்பாளராக நியமிக்கக் கேட்டு மனுப் போட வேண்டும். இது எல்லா மதத்தாருக்கும் பொது, உறவினர் யாரும் போடலாம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் (சொத்துக்கான மனுவைச் சொத்து இருக்கும் ஊரிலும் போடலாம்), உங்கள் வசதிக்கு அல்ல. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போங்கள். எனக்கு நேரே போவதுதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை 1: "அடி தாங்காமல் பிள்ளையே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, பெற்றோரிடம் எப்படிக் கடிதம் கேட்பது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்க வேண்டாம், ஒளித்தும் வைக்க வேண்டாம். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துச் சொல்லிவிட்டு, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையை அழைத்துப் போங்கள். பிள்ளை தானாகவும் போகலாம். விசாரித்த பிறகு, தகுதியுள்ள நபர் என்று பட்டால் உறவினரிடமே விட்டுவைக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பின்சேர்க்கை 2: அப்பா துபாயில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வந்த கையெழுத்துப் படத்தை நம்பி நிற்காதீர்கள். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கி, அசலைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை அம்மாவின் கடிதத்தை வைத்துச் சேர்க்கை வேலையைத் தொடங்கலாம்.