பிரெஸ்ஸா பழையது வாங்கப் போகிறீர்களா? வருஷத்தைக் கேட்காதீர்கள், வண்டியைக் கேளுங்கள்

வேலூரில் பழைய கார் தேட ஆரம்பித்தால் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வருஷ மாடல் சார் பாக்கறீங்க?" என்பதுதான். மாருதி சுசுகியின் பிரெஸ்ஸாவுக்கு இந்தக் கேள்வி உதவாது. 2020 மாடல் என்றால் டீசலும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. 2022 மாடல் என்றால் பழைய உடம்பும் உண்டு, புது உடம்பும் உண்டு. ஒரே பெயரில் மூன்று வேறு வண்டிகள் ஓடுகின்றன. அப்பா அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்க நான்கு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மற்ற கம்பெனி வண்டிகளுக்கும் இதே முறையில் பார்க்கலாம்.

2016 மார்ச்சில் விட்டாரா பிரெஸ்ஸா என்ற பெயரில் வந்தது டீசல் மட்டும்தான். 1248 சிசி, 90 பிஎஸ் சக்தி, 200 என்எம் இழுப்பு, ஃபியட்டின் டிசைனில் வந்த இன்ஜின். 2018 மே மாதம் இதில் ஏஎம்டி (கிளட்ச்சை மிதிக்காமலே தானாக மாறும்) கியரும் சேர்ந்தது. பிஎஸ் 6 புகை விதி வந்தபோது டீசலை நிறுத்திவிட்டு 2020 பிப்ரவரியில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் போட்டார்கள்: 105 பிஎஸ், 138 என்எம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் நான்கு கியர். வெளியே பார்த்தால் கிரில், பம்பர், விளக்கு என்று சில மட்டும்தான் மாறியிருக்கும், ஓட்டினால் முழுக்க வேறு வண்டி. 2022 ஜூன் கடைசியில் 'விட்டாரா' போய் வெறும் பிரெஸ்ஸா ஆனது. உடம்பு, டேஷ்போர்டு எல்லாம் புதுசு, ஆட்டோமேட்டிக் ஆறு கியர். 2023 மார்ச்சில் இதிலேயே சிஎன்ஜியும் வந்தது. நீளம் மட்டும் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை 3995 மில்லிமீட்டர்தான்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே போனில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: இன்ஜின் எது, கியர் எது, ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் என்ன போட்டிருக்கிறது. ரிஜிஸ்ட்ரேஷன் தேதியை நம்பி விலை பேசவே கூடாது. 2019 நவம்பரில் தயாராகி 2020 மார்ச்சில் ரிஜிஸ்டர் ஆன டீசலை '2020 மாடல்' என்றுதான் சொல்லி விற்பார்கள்.

யாருக்கு எது என்பதை உங்கள் ஓட்டம்தான் தீர்மானிக்கும். வாராவாரம் சென்னை போய்வருகிறவர்கள் என்றால் ஒரு போக்கு 140 கிலோமீட்டர், வருஷத்துக்கு 14,000 அதிலேயே போய்விடும், அவர்களுக்கு டீசல் இன்னும் லாபம்தான். கம்பெனிக் கணக்கில் டீசலுக்கு லிட்டருக்கு 24.3 கிலோமீட்டர், 2020 பெட்ரோல் மேனுவலுக்கு 17.03. நிஜத்தில் இரண்டுமே குறையும், ஆனால் இடைவெளி அப்படியே இருக்கும். அதே சமயம் 2016 வண்டியின் ஆர்.சி. 2031-ல் முடிகிறது, அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தால்தான் ஓட்டலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, அங்கிருந்து ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் பெட்ரோலே வாங்குங்கள். சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். குடும்பத்தோடு திருப்பதி போகிறவர்கள் பைகளை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து டெஸ்ட் டிரைவ். நேஷனல் ஹைவேயில் ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு "ஸ்மூத்தா இருக்கு" என்று சொல்வதில் ஒன்றுமே தெரியாது. வீட்டில் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி.யைப் போடுங்கள், ஒரு ஏற்றத்துக்குப் போங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான் சரியான பரீட்சை, ஆனால் அவ்வளவு தூரம் விற்கிறவர் விடமாட்டார், ரத்தினகிரி மலைப்பாதை போதும். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். டீசலில் 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ தூங்கும், அதற்கு மேலே பிடித்து இழுக்கும். வளைவில் இரண்டாம் கியரில் திணறினால் அது வண்டியின் குறை இல்லை, முதல் கியருக்கு வரவேண்டும். பெட்ரோலில் இந்தத் தூக்கம் கிடையாது, ஆனால் முழு இழுப்பு வர இன்ஜினை உறும வைக்க வேண்டியிருக்கும். ஏஎம்டி என்றால் ஏற்றத்தில் பிரேக்கை விட்டவுடன் பின்னால் எவ்வளவு உருளுகிறது என்று கட்டாயம் பாருங்கள். கிளட்ச் வாசனை அடித்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பின்சீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் முக்கியமாக இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாங்கள் பார்த்த முதல் டீசல் வண்டியில் மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஏறுவது சுலபமாக இருந்தது, கதவுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனியாமல் உட்கார்ந்துவிட்டார். கிரீன் சர்க்கிளில் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றோம். முன்னால் எனக்கு ஏ.சி. ஜில்லென்று இருந்தது. இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, "பின்னாடி காத்தே வரலப்பா" என்றார். 2022-க்கு முந்தைய பிரெஸ்ஸா எதிலும் பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. வென்ட் கிடையாது, புது உடம்பில்தான் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே கூடுதலாகப் பணம் கொடுக்கலாம் என்பேன். சன்ரூஃபுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்கமாட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2018-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் விட்டாரா பிரெஸ்ஸாவுக்குப் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 2 நட்சத்திரம் கிடைத்தது. அது இரண்டு ஏர்பேக் உள்ள அந்த வண்டிக்கு. 2016, 2017 வண்டிகளில் கீழ் வேரியன்ட்டுகளுக்கு டிரைவர் ஏர்பேக் மட்டும்தான் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கு வேண்டுமென்றால் ஆப்ஷன் பேக்கில் வாங்கியிருக்கவேண்டும், 2018 மேயில்தான் இரண்டும் எல்லா வண்டிக்கும் வந்தன. அந்த நட்சத்திரத்தை 2022 உடம்புக்கும் ஒட்டிக்கொண்டு பேசுவார்கள், ஏற்காதீர்கள். புது உடம்பிலும் ஆறு ஏர்பேக் முதலில் உச்ச வேரியன்ட்டில் மட்டும்தான் இருந்தது, 2025-ல்தான் எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள்.

ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் சோதனைக்கு அழைத்தார்கள். 2022 நவம்பரில் தயாரானவற்றில் சிலவற்றை முன்சீட் பெல்ட்டுக்காகவும், 2022 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை தயாரானவற்றில் சிலவற்றை ஏர்பேக் கன்ட்ரோலருக்காகவும் அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் தெரிந்துவிடும்.

இனி தண்ணீர். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டு ஓடியது நமக்கு மறக்காது, 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகளும் எத்தனையோ. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் வண்டி பார்த்தோம், பளபளவென்று பாலீஷ் போட்டு, உள்ளே சென்ட் அடித்து வைத்திருந்தார்கள், விலையும் நாற்பதாயிரம் குறைவு. நான் டோக்கன் கொடுக்கவே தயாராகிவிட்டேன். கூட வந்த மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தான். எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு, அடியில் இருந்த போல்ட்டின் பள்ளத்தில் நகத்தை விட்டுச் சுரண்டிக் காட்டினான். மாவு மாதிரி நைஸான வண்டல் உதிர்ந்தது. "தண்ணி பாத்த வண்டிண்ணா, வேணாம்" என்றான். சீட் கவர், மேட் எல்லாம் மாற்றிவிடலாம், இந்த இரண்டு இடத்தையும் யாரும் கழுவுவதில்லை. நீங்களும் முதலில் இங்கேயே பாருங்கள், பிறகு பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் ஹிஸ்டரி, டயர் தேதி, சஸ்பென்ஷன் சத்தம் இதெல்லாம் எல்லா வண்டிக்கும் பார்ப்பதுதான், மெக்கானிக் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

புதுசே வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22-லிருந்து நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பிரெஸ்ஸா நீளத்தில் உள்ளே வருகிறது, 1462 சிசி என்பதால் வெளியே போய்விடுகிறது, ஆகவே 40. முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு 45 இருந்ததற்கு இது குறைவுதான், ஆனாலும் 1.2 லிட்டர் போட்டி வண்டிகள் அதைவிட நன்றாக இறங்கிவிட்டன. பழையது பேரம் பேசும்போது இதையும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, பெங்களூரில் மலிவு என்று கே.ஏ. நம்பர் வண்டிகள் நம் பக்கம் நிறைய வருகின்றன. என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும். வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் விலைக்கே போங்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (கடன் கொடுத்தவரின் பாத்தியதைக் குறிப்பு) நீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள். நாங்கள் கடைசியில் எடுத்தது 2022 டிசம்பரில் தயாரான மேனுவல், டிஎன் 73 நம்பர், ஒரே ஓனர். ஏர்பேக் ரீகாலில் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். அப்பா இப்போது பின்சீட்டில் வென்ட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.