முதல் என்டூரன்ஸ் குதிரைச் சவாரி: எத்தனை மைலில் தொடங்கலாம்?

நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கலிபோர்னியாவின் டெவிஸ் கப். வெண்டல் ராபி 1955-இல் தொடங்கி வைத்தது. சியரா நெவாடா மலையைக் கடந்து ஆபர்ன் ஊர் வரை 100 மைல், ஒரே நாளில். அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் முதல் போட்டிக்கான படிவத்தில் எந்தத் தூரத்தை எழுதுவது என்று முடிவு செய்ய, கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவில் இந்தச் சவாரிகளுக்கு விதி வகுக்கும் ஏ.இ.ஆர்.சி. அமைப்பின் முறைகளை வைத்து அதைப் பார்ப்போம்.

படி 1: என்னென்ன தூரங்கள் உண்டு?

பெரும்பாலும் மூன்று வகை. அறிமுகச் சவாரி சுமார் 10 முதல் 15 மைல். அடுத்தது லிமிடெட் டிஸ்டன்ஸ், எல்லோரும் எல்.டி. என்பார்கள். 25 முதல் 35 மைல் வரை. என்டூரன்ஸ் என்ற பெயரே 50 மைலில் இருந்துதான் தொடங்குகிறது. 100 மைல் அதன் உச்சம்.

படி 2: மைலை மணியாக மாற்றுங்கள்

25 மைலுக்கு 6 மணி நேரம், 50 மைலுக்கு 12 மணி நேரம். நடுவில் குதிரையைக் கால்நடை மருத்துவர் பார்ப்பதும் கட்டாய ஓய்வும் இதற்குள் அடக்கம். 25 மைலில் ஓய்வு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். மிச்சம் 5 மணி, 40 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர். 50 மைலில் ஓய்வு இரண்டு மணி நேரம் என்றால் 10 மணி, 80 கிலோமீட்டர். அங்கேயும் அதே 8 தான்!

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெரிய தூரத்துக்கு வேகமான குதிரை தேவையில்லை, அதே வேகத்தை இரண்டு மடங்கு நேரம் தாங்கும் குதிரையும் ஆளும் தேவை. குதிரை சாதாரணமாக நடந்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் வரும், டிராட் (நடையை விட வேகமான சீரான ஓட்டம்) போனால் 12-க்கு மேல். ஆகவே நடையை மட்டும் நம்பினால் நேரம் போதாது; நடையும் டிராட்டும் மாறி மாறி வர வேண்டும்.

படி 3: சேணத்தில் உங்களால் எத்தனை மணி நேரம்?

வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் சவாரி போகிறவருக்கு ஐந்து மணி நேரம் வேறு உலகம். முட்டி வலிக்கும், தொடையின் உள்பக்கம் உராய்ந்து எரியும். அது உங்கள் பாடு, போகட்டும். ஆனால் களைத்தவர் தன்னை அறியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். அந்தப் பாரம் முழுக்கக் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் இறங்கும். மூன்று மணி நேரச் சவாரிக்குப் பிறகும் நேராக உட்கார முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் இப்போதைக்கு அறிமுகச் சவாரிதான் உங்கள் தூரம்.

படி 4: குதிரையின் வயதும் கால்களும்

எல்.டி.க்குக் குதிரைக்கு 48 மாதம், 50 மைலுக்கு 60 மாதம் நிறைந்திருக்க வேண்டும். அது விதி. விதியைத் தாண்டி ஒன்று உண்டு: பயிற்சியால் இதயமும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும், தசைநாண், எலும்பு, குளம்பு எல்லாம் மெதுவாகத்தான் வரும். அதனால் மூன்றாம் மாதத்தில் குதிரை இன்னும் போகலாம் என்று துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்து தூரத்தை முடிவு செய்யாதீர்கள். அரபிக் குதிரைகள் இதில் பேர்போனவை, ஆனாலும் எந்த இனமும் கலந்துகொள்ளலாம். கனத்த தசையுள்ள குதிரைக்கு உடல்சூடு தணிய அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

படி 5: வீட்டிலேயே ஒரு ஒத்திகை

20 முதல் 25 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போய் வாருங்கள். இறங்கியதும் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை இடது முன்னங்காலின் மேலே, முழங்கை மூட்டுக்குப் பின்னால், மார்பை ஒட்டி வைத்துத் துடிப்பை எண்ணுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். எல்.டி.யில் முடிவுக்கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. துடிப்பு 60-க்கு இறங்கும் நொடியில்தான் உங்கள் நேரம் நிற்கும். பத்து நிமிடத்துக்குள் 60-க்கு வந்தால் நல்ல அறிகுறி. அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் போட்டியில் அதற்குத் தேர்ச்சியே கிடையாது.

மருத்துவர் செய்யும் மற்றவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்துவிட வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். வயிற்றின் இரு பக்கமும் காது வைத்தால் குடல் கடமுடா என்று சத்தம் போட வேண்டும். சத்தமே இல்லாத வயிறு கவலைக்குரியது.

மறுநாள் காலை நான்கு கால்களையும் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். சூடு, வீக்கம் இருக்கிறதா? முதுகை விரலால் அழுத்தினால் நெளிகிறதா? தீவனத்தை வழக்கம்போல் காலி செய்ததா? என்னைக் கேட்டால் நாடித்துடிப்பை விட இந்த மறுநாள் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

படி 6: முடிவு

ஒத்திகை நன்றாக அமைந்து, மறுநாளும் குதிரை தெளிவாக இருந்தால் 25 மைல் எல்.டி. போடுங்கள். ஏதாவது ஒன்றில் சந்தேகம் இருந்தாலும், குதிரை இதுவரை கூட்டத்தையே பார்த்ததில்லை என்றாலும் அறிமுகச் சவாரி. முன்னே பத்துப் பதினைந்து குதிரைகள் ஓடுவதைப் பார்த்தால் சாதுவான குதிரையும் கடிவாளத்துக்கு அடங்காமல் இழுக்கும். அதைக் குறைந்த தூரத்தில் பழக்குவதுதான் சரி. கூட்டம் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துப் புறப்படுவதும் நல்ல யோசனை. முதல் சவாரியே 50 மைல் என்பதை, குதிரையும் ஆளும் இதில் ஏற்கெனவே பழகியவர்களாக இருந்தால் ஒழிய, நான் சொல்ல மாட்டேன். எல்.டி.யைச் சில முறை சிரமமில்லாமல் முடித்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

முந்தின நாள் முகாமில் குதிரை சரியாகத் தின்னவில்லை என்றாலோ, வெயில் கடுமையாக இருக்கும்போல் தெரிந்தாலோ, பதிவு மேசையில் கேட்டுச் சின்ன தூரத்துக்கு மாறப் பாருங்கள். புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். 50 மைலில் கிளம்பிவிட்டு, பாதியில் அதை 25 ஆகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஏற்க மாட்டார்கள்.