ஊழியமும் வீடும்: மும்பைத் தமிழ்ப் போதகருக்கு ஒரு வாரக் கையேடு

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், பாண்டுப் பக்கம் தமிழ்ச் சபை நடத்தும் போதகர்கள் பலருக்கு வீடு என்பது ஒரே ரூம். சமைப்பதும் படுப்பதும் அதில்தான். பிள்ளைகள் படிப்பதும், ஜெபத்துக்கு வருகிறவர்கள் உட்காருவதும் அதே பாயில்தான். சபைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் சுவர் இல்லாத இடத்தில், அந்தச் சுவரை நேரத்தால்தான் கட்ட முடியும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல், சபையை விசாரிக்க வருகிறவன் முதலில் தன் வீட்டை நடத்தத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்கிறார். டைரி எழுதும்போதும் அதே வரிசைதான்: முதலில் வீடு.

டைரியை நிரப்பும் வரிசை

ஒரு பக்கத்தில் ஏழு நாளையும் கட்டம் போடுங்கள். முதலில் மாற்ற முடியாத வீட்டு வேலைகளை எழுதுங்கள்: தண்ணீர் வரும் நேரம், பள்ளிக்கூட நேரம், மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் கிளம்பும், திரும்பும் நேரம். அடுத்து ஓய்வு நாள். அதன் பிறகு ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், செய்தி தயாரிக்க இரண்டு காலை வேளைகள். கடைசியில்தான் வீடு சந்திப்பு. மிச்சமிருக்கும் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். ஆஸ்பத்திரியும் சாவு வீடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

தண்ணீரை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் லைனில் காலை ஐந்துக்குத் தண்ணீர் வந்து ஆறரைக்கு நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு அதிகாலை ஜெபம் வைத்தால் டிரம்மும் குடமும் நிரப்புவது மனைவி தலையில் விழும். அவரால் ஒருநாளும் அந்த ஜெபத்துக்கு வர முடியாது. ஜெபத்தை நாலு மணிக்கோ ஆறே முக்காலுக்கோ மாற்றி, குழாய்க்குப் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். ஜெபம் குறையப்போவதில்லை.

ஓய்வு நாளுக்குத் திங்கள்தான் வசதி. ஞாயிறு முடியும்போது தொண்டை கட்டியிருக்கும், மனதும் களைத்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மனவருத்தங்கள் போனில் வருவதும் திங்கட்கிழமைதான். அன்று போனை எடுக்க, சபைப் பொறுப்பில் உள்ள ஒரு மூப்பரின் எண்ணைக் கொடுங்கள். அவர் உங்களைக் கூப்பிட மூன்றே காரணம்: மரணம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். இதைச் சபையில் அறிவிக்க வேண்டியவர் மூப்பர். போதகரே சொன்னால் லீவு கேட்பதுபோல இருக்கும், மூப்பர் சொன்னால் சபையின் தீர்மானமாகிவிடும். ஒரு திங்கள் கையைவிட்டுப் போனால் அதே வாரம் வியாழன் பகலில் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிய ஓய்வு திரும்ப வராது.

வீடு சந்திப்பு

வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப எட்டு மணி தாண்டும். எட்டே காலுக்குத் தொடங்கி, வீட்டுக்கு 35 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வீடு. அதற்கு மேல் வேண்டாம். மூன்று என்றால் பத்தரைக்குள் வீட்டில் இருப்பீர்கள். நாலாவது வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டார்கள், நீங்கள் வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். செவ்வாயும் வியாழனும் மூன்று மூன்று வீடு என்றால் 60 குடும்பச் சபையைப் பத்து வாரத்தில் ஒரு சுற்று முடிக்கலாம். போகிற வீட்டில் நுழையும்போதே "டீ போதும்மா, சாப்பாடு வீட்டில் வைத்திருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். சமைத்த பிறகு சொன்னால் மனம் நோகும்.

ஒரே ரயில் லைனில் இருக்கும் வீடுகளைச் சேர்த்துப் போங்கள். பாண்டுப்பும் மான்கூர்டும் ஒரே இரவில் என்றால் குர்லாவில் இறங்கி மாறுவதிலேயே ஒரு வீட்டின் நேரம் போய்விடும். வீட்டில் பெண் மட்டும் இருந்தால் கதவைத் திறந்துவைத்து, வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டு வாருங்கள். பேச வேண்டிய விஷயம் இருந்தால் உங்கள் மனைவியோடு இன்னொரு நாள்.

உங்கள் ரூமுக்கு வருகிறவர்களுக்கும் நேரம் வையுங்கள். புதன், சனி மாலை ஆறு முதல் ஏழரை வரை போதும். முடிந்தால் அதையும் சபை ஹாலிலோ மூப்பர் வீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் பெண்சாதி சண்டையை உங்கள் பிள்ளை புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அது பிள்ளைக்கும் பாரம், வந்தவர்களின் ரகசியமும் போய்விடும்.

ஞாயிறு

ஆராதனை நேரத்தை ரயில்தான் தீர்மானிக்கும். சென்ட்ரல் ரயில்வேயின் மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவதும் மாற்றி விடுவதும், பெரும்பாலும் ஞாயிறு பதினொரு மணிவாக்கில் தொடங்கி மாலை நாலு வரை போகும். மாட்டுங்கா–முலுண்ட் நடுவில் பிளாக் என்றால் பாண்டுப், முலுண்டிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஹார்பர் லைனில் பிளாக் என்றால் மான்கூர்ட், வாஷி ஆட்கள். எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தே காலுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சனை தீரும். சனிக்கிழமை பிளாக் அறிவிப்பைப் பார்த்து வாட்ஸ்அப்பில் போடும் வேலையை ஒரு வாலிபரிடம் ஒப்படையுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கினால் ஆராதனை உண்டா இல்லையா என்று காலை ஆறுக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் முதியவர்கள் முழங்கால் தண்ணீரில் கிளம்பியிருப்பார்கள்.

செய்தி வெள்ளி பகலுக்குள் முடிந்திருக்க வேண்டும். சனி இரவு பத்து மணிக்கு வேதப்புத்தகத்தைத் திறக்கிறவர் வீட்டில் பிள்ளைகள் மூச்சுவிடவும் பயப்படுவார்கள். ஒரே ரூமில் அந்தப் பயம் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும்.

பாஸ்டரம்மா

போதகரின் மனைவியைச் சபை கேட்காமலே வேலைக்கு வைத்துவிடுகிறது. பெண்கள் ஜெபம், ஞாயிறு பள்ளி, பாட்டு, வந்தவர்களுக்கு டீ, முழு இரவு ஜெபம் முடிந்ததும் பதினைந்து பேருக்கு உப்புமா. இவற்றில் எதை மனதார எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஒன்றோ இரண்டோ சொல்லுவார். அதை மூப்பர்கள் கூட்டத்தில் எழுதிவையுங்கள். மற்றவற்றுக்கு ஆள் பிரித்து முறை போடுங்கள். வேலையைப் பலருக்குப் பிரித்துக்கொடு என்று மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன யோசனை, யாத்திராகமம் 18இல் இருப்பது, சமையலுக்கும் பொருந்தும்.

பிள்ளைகள்

பிரசங்கத்தில் பிள்ளையை உதாரணமாகச் சொல்லாதீர்கள். புகழ்ந்து சொன்னாலும் வேண்டாம். சொல்லியே ஆகவேண்டும் என்றால் முந்தின நாளே அவனிடம் கேளுங்கள், தலையாட்டினால் மட்டும் சொல்லுங்கள். பாட்டு, சாட்சி என்று மேடையில் ஏற்றுவதும் அப்படித்தான்.

தமிழ் வாசிப்புத்தான் மும்பையில் பெரிய கவலை. இங்கிலீஷ், இந்தி மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் வேதத்தைத் தமிழில் வாசிக்கத் தடுமாறுவார்கள். அதனால் தகப்பன் பிரசங்கமே அவர்களுக்குப் பாதிதான் புரியும். வாரத்தில் நாலு இரவு, சாப்பாட்டுக்கு முன், 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். சங்கீதம் 117இல் தொடங்குங்கள், இரண்டே வசனம். ஒரு வாரம் அதே இரண்டு வசனம். அடுத்து 23, ஆறு வசனம், மூன்று வாரம். நீங்கள் ஒரு சொல்லை விரல் வைத்து வாசியுங்கள், பிள்ளை அதே சொல்லில் விரல் வைத்துத் திரும்ப வாசிக்கட்டும். இந்தியில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து உண்டு. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும். பிள்ளை முதலில் தடுக்குவது அங்கேதான். பிறகு ல, ள, ழ. நடுவில் நிறுத்தித் திருத்தாமல், வசனம் முடிந்ததும் ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்துங்கள். சபையார் முன்னால் ஒருபோதும் திருத்த வேண்டாம். அதன்பின் அவன் வாயைத் திறக்கமாட்டான்.

மரணமும் திருமணமும்

சாவுச் செய்தி வந்தால் வாரம் முழுவதும் கலையும். அதனால் முன்கூட்டியே ஒரு கோப்பு வையுங்கள்: கல்லறைத் தோட்ட அலுவலக எண், பெட்டி, வண்டி ஏற்பாடு செய்கிறவர் எண், கேட்கும் ஆவணங்கள். வீட்டில் இறந்தவருக்கு மரணக் காரணத்தை எழுதி மருத்துவர் தரும் சான்று இல்லாமல் அடக்கம் நகராது. இதற்கு அலைய இரண்டு பேரைப் பழக்கிவையுங்கள். போதகர் இருக்க வேண்டிய இடம் அழுகிறவர்கள் பக்கம்.

திருமணம் நடத்த, பேராயரால் குருப்பட்டம் பெறாத சுயாதீனச் சபைப் போதகருக்கு 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசு உரிமம் வேண்டும். நேரமும் காலை ஆறு முதல் மாலை ஏழுக்குள். உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். உறவுக்காரர் கெஞ்சினாலும் உரிமம் உள்ளவரை அழையுங்கள்.

பணம்

காணிக்கையை உறவில்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, கையெழுத்திட்டு, திங்கள் அன்று சபைக் கணக்கில் போடட்டும். அந்தப் பை ஒரு இரவுகூட போதகர் ரூமில் இருக்கக் கூடாது. வீட்டில் கேஸ் தீரும், பீஸ் கட்டச் சொல்லுவார்கள், "நாளைக்கு வைத்துவிடலாம்" என்ற நினைப்பு அங்கேதான் தொடங்கும்.

சம்பளத்தை வங்கி வழியாக வாங்குங்கள். வரி வராத தொகையானாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். பிள்ளையின் படிப்புக் கடனுக்கு வங்கி கேட்கும்போது கையில் காகிதம் இருக்கும். சபை வாடகை கட்டுகிற ரூம் ஊழியம் முடிகிற அன்று கையைவிட்டுப் போகும். எத்தனையோ போதகர்கள் அறுபது வயதுக்கு மேல் திருநெல்வேலிக்கு வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை ஆண்டுக்கு 500 ரூபாயிலேயே தொடங்கலாம், 15 ஆண்டில் முதிரும். மாதம் ஆயிரம் போட்டாலும் போடாததைவிட எவ்வளவோ மேல். குடும்ப மருத்துவக் காப்பீட்டைச் சர்க்கரை, பிரஷர் வருவதற்கு முன் எடுங்கள். வந்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள்.

மே மாத விடுப்பு

மே மாதம் சபையில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். போதகரும் அப்போதே போவது நல்லது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், நாகர்கோவில் ரயிலில் கோடை இடம் வேகமாகப் போய்விடும். மே 5 கிளம்ப மார்ச் 6 காலை எட்டுக்கு உட்கார வேண்டும், திரும்பும் டிக்கெட்டுக்கும் அதேபோல் நாள் எண்ணிக் குறித்துவையுங்கள். நீங்கள் இல்லாத மூன்று ஞாயிறுக்கும் செய்தி கொடுப்பவர், காணிக்கை எண்ணுபவர், மரணக் கோப்பு வைத்திருப்பவர் பெயர்களை ஒரு தாளில் எழுதி மூப்பரிடம் கொடுங்கள். ஊரில் எந்தச் சபையிலும் பிரசங்கம் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று ஞாயிறும் மனைவி பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருங்கள்.